நான்கு விநாடித் தாமதம்

மார்ச் 3, செவ்வாய்

ஆய்விதழுக்கு அனுப்பிய பேப்பர் ஏற்றுக்கொள்ளப்பட்டது. காலை பத்தே காலுக்கு மின்னஞ்சல் வந்தது. என் ஆய்வு வழிகாட்டி வசுமதி மேடம் தன் அறையிலிருந்து எழுந்து வந்து என் மேசையைத் தட்டி, "மெர்லின், வந்துருச்சு" என்றார். மூன்று வருடத்தில் அவர் என் மேசைக்கு வந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஏசி ரிமோட்டைத் தேடி வந்தார்.

எல்லோருக்கும் பாதுஷா. நான் இரண்டு தின்றேன்.

பேப்பரின் சாரத்தை அம்மாவுக்குப் போனில் விளக்கினேன். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களை ஸ்கேன் மெஷினில் படுக்க வைத்து, ஹெட்போனில் அவர்கள் வீட்டு மனிதர் ஒருவரின் குரலைப் போடுவோம். ஒரு சொல் காதில் விழுந்ததும் மூளையில் அதற்குரிய இடத்துக்கு ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், உச்சிக்குப் போகும், வடியும். ஒரே ஒரு சொல்லுக்கு அந்த ஏற்ற இறக்கம் எப்படி இருக்கும் என்கிற வளைவைக் கணக்கிடுவதுதான் என் வேலை. மற்றவர்கள் அந்த வளைவு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். நாங்கள் ஒவ்வொரு மண்டைக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டோம். நல்ல உடம்புக்காரருக்கு ஐந்து விநாடியில் உச்சி. எங்கள் நோயாளிகள் பதினொரு பேருக்கும் ஏறக்குறைய ஒன்பது விநாடி. நான்கு விநாடி தாமதம். அதுதான் கண்டுபிடிப்பு.

அம்மா, "அப்ப அந்த மனுசங்களுக்கு சொகமாயிருமா?" என்று கேட்டாள். பேப்பருக்கும் சுகத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல மனமில்லாமல், ஆகும் என்றேன்.

சாயந்திரம் ஆனைமலையிலிருந்து வசந்தாமணி அக்கா. வாரம் ஒரு தடவை கூப்பிடுவார். அவருடைய வீட்டுக்காரர் நாச்சிமுத்துதான் எங்கள் முதல் நோயாளி. வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர். இப்போது வலது கை, கால், பேச்சு மூன்றும் இல்லை. போன நவம்பரில் நான் அக்காவிடம் அந்த நான்கு விநாடியைச் சொன்னேன். அன்றிலிருந்து அந்த வீடு அதன்படிதான் நடக்கிறது. ஏதாவது கேட்டால் மனதுக்குள் நாலு எண்ணிவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்ப்பார்களாம். பேப்பர் வெளிவரப்போவதைச் சொன்னேன். "எங்கூட்டுக்காரரால ஒரு நல்லது நடந்துச்சுங்களே" என்று அழுதார். நானும் கொஞ்சம் கலங்கினேன்.

மார்ச் 5

ஆய்விதழ்க்காரர்கள் கூடுதலாக ஒரு படம் கேட்டிருக்கிறார்கள். குரலோடு சேர்த்துத் திரையில் ஒரு வட்டம் ஒளிரும். அதைப் பார்க்கும்போது பார்வைக்குரிய பின்மண்டையில் வளைவு எப்படி வருகிறது என்று காட்ட வேண்டும். அரை மணி நேர வேலை.

பின்மண்டை இவர்களில் யாருக்கும் அடிபடவில்லை. அங்கே போகும் ரத்தக்குழாயே வேறு. வளைவு ஐந்து விநாடியில் உச்சிக்கு வர வேண்டும்.

ஒன்பதில் வந்தது.

ஏதோ மென்பொருள் கோளாறாக இருக்கும். அப்புறம் பார்க்கலாம்.

மார்ச் 6

துணி துவைத்தேன். ஸ்கூட்டருக்குக் காற்று அடித்தேன். விடுதியில் வாட்டர் ஃபில்டர் மறுபடியும் ரிப்பேர்.

மார்ச் 9

பதினொரு பேரின் பின்மண்டையையும் போட்டுப் பார்த்தேன். பதினொன்றும் ஒன்பது விநாடி. எட்டரை இல்லை, பத்து இல்லை. ஒரு வீட்டில் அண்ணன் தம்பிக்கே சட்டை அளவு ஒன்றாக இருப்பதில்லை. பதினொரு பேருக்கு ஒரே அளவில் தாமதம் என்றால் அது உடம்பு செய்கிற வேலையாக இருக்காது.

இது போன நவம்பரிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்போது எவ்வளவு சீராக வந்திருக்கிறது என்று பெருமைப்பட்டேன். பக்கவாதக்காரர்களுக்குத் தாமதமாகத்தான் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம், வந்தது. எதிர்பார்த்தது வந்துவிட்டால் யார் குடைந்து பார்க்கிறார்கள்? வராமல் இருந்திருந்தால் அன்றைக்கே பத்து தடவை சோதித்திருப்பேன்.

ஆய்விதழுக்கு வேறொரு படம் அனுப்பிவிட்டேன். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 10

மதியம் ஸ்கேன் அறைக்குப் போய் சாதிக் அண்ணனிடம் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோலக் கேட்டேன். மெஷினை இயக்குகிறவர் அவர்தான். காந்தம் நிதானப்படும் வரை எடுக்கிற முதல் இரண்டு படங்கள் கணக்கில் சேராது. ஒரு படத்துக்கு இரண்டு விநாடி. குரல் ஒலிப்பது மூன்றாவது படத்திலிருந்து. முன்பெல்லாம் அந்த இரண்டையும் மெஷினே தூக்கிப் போட்டுவிடும். என் கையில் வரும்போது கணக்கு சரியாக இருக்கும்.

"ஆகஸ்ட்ல மெஷின புதுசு பண்ணாங்கல்ல, அப்பலேர்ந்து அந்த ரெண்டையும் சேத்துத்தான் தருது. நீங்கதான் எடுத்துடணும். நான் குரூப்புல போட்டேனேம்மா" என்றார்.

தேடினேன். ஆகஸ்ட் 19, வாட்ஸ்அப் குழு. தெளிவாகப் போட்டிருக்கிறார். கீழே ஒரே ஒரு கட்டை விரல். என்னுடையது.

நல்ல உடம்புக்காரர்களை எல்லாம் ஆகஸ்டுக்கு முன்னால் எடுத்தோம். நோயாளிகளை எல்லாம் அதற்குப் பிறகு. நோயாளிகளின் படங்களில் முதல் இரண்டு அப்படியே இருந்திருக்கின்றன. நான்கு விநாடி.

என் நிரலில், தொடக்கத்தில் எத்தனை படங்களை விட வேண்டும் என்ற இடத்தில் சுழியம் இருந்தது. அதை இரண்டாக்கி ஓட்டினேன். எல்லா வளைவும் நல்ல உடம்புக்காரர் வளைவோடு போய் ஒட்டிக்கொண்டது. நாச்சிமுத்துவின் வளைவை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் மனைவியின் குரலுக்கு நான்கே முக்கால் விநாடியில் உச்சி. என்னுடையதைவிடச் சீக்கிரம். நல்ல உடம்புக்காரர்களில் என் மண்டையும் ஒன்று.

சுழியத்தைத் திரும்பப் போட்டுவிட்டு கணினியை மூடினேன். எதற்காகத் திரும்பப் போட்டேன் என்று தெரியவில்லை.

மார்ச் 11

தலைவலி என்று லீவு சொன்னேன். தலைவலி இல்லை.

மார்ச் 14, சனி

இன்று வசந்தாமணி அக்காவும் நாச்சிமுத்துவும் வரும் நாள் என்று மறந்தே போயிருந்தேன். பேச்சுப் பயிற்சி தரும் கல்பனாவின் அறைக்கு ஸ்டேப்ளர் வாங்கப் போனால் உள்ளே இருவரும் இருக்கிறார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். ஒரு சீப்பு பூவன் பழம் கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொண்டேன்.

நாச்சிமுத்து சக்கர நாற்காலியில் இருந்தார். இளைத்திருக்கிறார். அக்கா அவரிடம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல இழுத்து இழுத்து, "தண்ணி வேணுங்ளா?" என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் அவர் தலையாட்டினார். அக்கா பாட்டிலைத் தொடவில்லை. கண்ணை மூடி உதடு அசைய எண்ணினார். நாலு முடிந்ததும் கண்ணைத் திறந்து பார்த்தார். அதற்குள் அவர் தலையாட்டி முடித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்கறாருங்" என்றார் அக்கா என்னிடம்.

முதலில் தலையாட்டினாரே என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"அது முன்னாடி கேட்டதுக்குங்க அம்மிணி. நாலுக்குள்ள ஆட்டுனா அது முந்துன கேள்விக்குன்னு கணக்குப் பண்ணி வெச்சிருக்கறம். நீங்க சொன்னதுதானுங்களே."

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னதிலிருந்து ஒரு புத்திசாலி அப்படித்தான் கணக்குப் போடுவார்.

முன்னெல்லாம் அடிக்கடி தலையாட்டிக்கொண்டிருந்தாராம். மாசியிலிருந்து குறைந்துவிட்டதாம். போன வாரம் தட்டைத் தள்ளிவிட்டாராம். கோபம் இந்த நோய்க்கு உள்ளதுதானே என்று என்னிடம் கேட்டார். உள்ளதுதான் என்றேன். இன்னொன்றும் சொன்னார். வீட்டில் இழுத்து இழுத்துப் பேசுவது அவரிடம் மட்டும்தானாம். "எங்களுக்குள்ள வெடுக்கு வெடுக்குனு பேசிக்குவமுங். வேகமாப் பேசுனா அவியளுக்கு எட்டாதுன்னு சொன்னீங்ளே. அதனால ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லீங்."

நாச்சிமுத்து அப்போது திரும்பி என்னைப் பார்த்தார். ஏலக் களத்தில் ஆயிரம் முகத்தை எடை போட்ட கண். நான் ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பழத்தை விடுதி சமையலறையில் வைத்துவிட்டேன். யாரோ சாப்பிட்டுவிட்டார்கள்.

மார்ச் 17

கல்பனா கேண்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மெர்லின், ஒரு சந்தேகம். நாச்சிமுத்து சார்கிட்ட நாலு படத்த வச்சு, சாவி எதுன்னு கேட்டா டக்குனு இடது கையால தொடறாரு. நீ தாமதம்ங்கற. எனக்கு அப்படித் தெரியலையே?" என்றாள்.

மாதிரி சின்னது, சராசரி வேறு, தனி நபர் வேறு என்று என்னென்னவோ சொன்னேன். நாலைந்து பெரிய சொற்களைப் போட்டதும் அவள், "சரிப்பா, உனக்குத்தான் தெரியும்" என்று எழுந்து போனாள். அவள் படித்த படிப்பை மதிக்காத மாதிரி பேசியிருக்கிறேன்.

மார்ச் 20

பேப்பரின் ப்ரூஃப் வந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பிழை திருத்தி அனுப்ப வேண்டும். மூன்று காற்புள்ளிகளைத் திருத்தினேன். என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன். கடைசிப் பக்கத்தில், உள்ளடக்கம் முழுவதும் சரியென உறுதி செய்கிறேன் என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் செய்தேன்.

அனுப்பிவிட்டேன்.

மார்ச் 21

ஒன்றும் எழுத முடியவில்லை. காறித் துப்பலாம் போல இருக்கிறது என்மேலேயே.

மார்ச் 23

இந்த நோட்டிலாவது உண்மையை எழுத வேண்டும். இரண்டு வாரமாகப் படங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு படம், ஆகஸ்ட், வாட்ஸ்அப். அது கவனக்குறைவு. யாருக்கும் நடக்கும். அதற்குத் திட்டு வாங்கினால் தீர்ந்தது.

என்னை அரிப்பது அது இல்லை.

அந்த நான்கு விநாடி உண்மையாகவே இருந்திருந்தாலும் நான் அக்காவிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் வளைவு ரத்தம் எப்போது வந்தது என்று மட்டும்தான் சொல்லும். சொல் எப்போது புரிந்தது என்று சொல்லாது. தண்ணீர் லாரி தாமதமாக வந்தது என்பதால் தெருவில் யாருக்கும் தாகம் தாமதமாக எடுத்தது என்று ஆகிவிடாது. இதை முதல் வருடப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே நான்தான் சொல்லித் தருகிறேன். அன்றைக்கும் எனக்குத் தெரியும்.

பிறகு ஏன் சொன்னேன்? அன்று நடைபாதையில் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அவியளுக்கு நான் பேசறது கேக்குதுங்ளா, அத மட்டும் சொல்லுங்க என்றார். கேட்கிறது, குரல் போகிறது, அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது என்பதுதான் பதில். அது ரொம்பச் சின்ன பதிலாக எனக்குப் பட்டது. மூன்று வருடம் யாரும் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. பெரிய டாக்டர் மாதிரி நின்றுகொண்டு, "கேக்குதுக்கா, நாலு செகண்ட் லேட்டாப் போகுது, வேகமாப் பேசினா எட்டாது, நிதானமாப் பேசுங்க" என்றேன். அவர் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்குப் பிடித்திருந்தது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் பிடித்திருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். பழைய வளைவையும் புது வளைவையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்பத் தெரியும்?" என்றார்.

நேற்றுதான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மாடிப்படி வரை போனேன். திரும்பிப் போய், பத்தாம் தேதியே தெரியும் மேடம், தெரிந்துகொண்டேதான் ப்ரூஃபில் டிக் செய்தேன் என்றேன். அதுதான் உண்மை.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பேப்பரைத் திரும்பப் பெறுவதாக என் முன்னாலேயே மின்னஞ்சல் அடித்தார். அனுப்பிய பிறகு, "நானும் இந்த வளைவ அஞ்சு மாசமா சுவத்துல ஒட்டி வச்சுப் பாத்துக்கிட்டுதான இருந்தேன்" என்றார். அதற்குப் பேசாமல் என்னைத் திட்டியிருக்கலாம்.

வசந்தாமணி அக்காவைப் பற்றியும், நாலு எண்ணுவதைப் பற்றியும் சொன்னேன். அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "அத வீட்டுக்காரங்ககிட்ட வேற சொல்லி வச்சிருக்கியா? எத்தன பேர்கிட்ட?"

எல்லோரிடமும்.

மார்ச் 27

அறநெறிக் குழு கூடியது. பதினொரு குடும்பத்துக்கும் கடிதம் போக வேண்டும் என்றார்கள். கடிதத்தின் வாசகத்தைப் படித்துப் பார்த்தேன். 'தரவுச் செயலாக்கத்தில் ஏற்பட்ட பிழை காரணமாக' என்று ஆரம்பிக்கிறது. அக்காவுக்கு இதில் ஒரு வரிகூடப் புரியாது. நேரில் போய்க் கொடுக்கிறேன் என்று மேடத்திடம் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "போ. ஆனா மன்னிப்பு கேக்கறேன்னு போயி உன் பாரத்த அங்க எறக்கி வச்சுட்டு வந்துராத" என்றார்.

அந்த வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்கிறேன். போகிற நோக்கத்தில் பாதி அதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 29, ஞாயிறு

பொள்ளாச்சி போய் அங்கிருந்து டவுன் பஸ். நிற்க இடம் கிடைத்ததே பெரிது. ஆனைமலையில் இறங்கி விசாரித்ததும், "ஏலக்காரர் வீடுங்ளா" என்று வழி காட்டினார்கள்.

நாச்சிமுத்து முன்னறையில் நாற்காலியில் இருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. வணக்கம் சொன்னேன். என் பழக்கத்தில் நானும் இழுத்துச் சொன்னேன். பாதியில் வெட்கம் வந்து நிறுத்தினேன். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அடுக்களைக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தார். முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் கதவு இல்லை, ஒரு திரைச்சீலைதான். குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றியது. அப்படித்தான் மூன்று வாரம் போனது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். மெஷின், படம், சுழியம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, நான் சொன்ன நாலு தப்பு, அவருக்குத் தாமதம் ஒன்றும் இல்லை, உங்கள் குரல் என் காதில் விழுகிற நேரத்தில்தான் அவர் காதிலும் விழுகிறது, தப்பு பண்ணினது நான் என்றேன். உடனே தலையாட்டினால் அது அந்தக் கேள்விக்கே பதில் என்றும் சொன்னேன்.

அக்காவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப அவிய நல்லாருக்காங்ளா? எல்லாம் கேக்குதுங்ளா?" என்று என் தோளைப் பிடித்தார். கேட்கிறது என்றேன்.

"வேகமாப் பேசுனாலும்?"

ஆமாம் என்றேன்.

அவர் கை என் தோளிலேயே இருந்தது, ஆனால் பிடி விட்டுப்போனது. அடுப்பை அணைத்தார். மேடையை ஒரு தடவை துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"பொங்கலுக்கு எங்கக்கா வந்திருந்தாங்க" என்றார், என்னைப் பார்க்காமல். "அவிய இந்தா, இப்ப உக்காந்திருக்கற எடத்துலதான் இருந்தாங்க. எனக்கு அன்னைக்கு இடுப்பு விட்டுப்போச்சுங். அவியளுக்கு ரெண்டு தடவ துணி மாத்தியிருந்தேன். அக்காகிட்ட ஒண்ணு சொன்னேன். வெடுக்குனுதானுங் சொன்னேன்."

அவரே சொன்னார்.

"வாதம் வந்த அன்னைக்கே ஒரேடியாப் போயிருந்தா அவியளுக்கும் நல்லது, எனக்கும் நல்லதுன்னு."

பிறகு என்னைப் பார்த்தார். "அது கேட்டிருக்குங்ளா அம்மிணி?"

நவம்பரில் நடைபாதையில் கேட்ட அதே முகம். கேட்டிருக்காது அக்கா, டிவி சத்தத்தில் எப்படிக் கேட்கும் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவர் இன்றைக்குத் தூங்குவார். மறுபடியும் கும்பிடக்கூடச் செய்வார்.

"கேட்டிருக்கும்க்கா" என்றேன். "எவ்வளவு புரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா கேட்டிருக்கும்."

அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னறைக்குப் போனார். டிவியை நிறுத்தினார். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கமே நின்றேன். போயிருக்க வேண்டும். பின்வாசல் இருந்தது. ஆனாலும் நின்றேன்.

அக்கா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். இழுக்காமல், தன் சொந்தப் பேச்சில் கேட்டார். "ஏனுங், பொங்கலன்னைக்கு எங்கக்காகிட்ட நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுங்ளா?"

அவர் உடனே தலையாட்டினார்.

அதன் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் கடிதத்தை அடுக்களை மேடையில் வைத்துவிட்டு, பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பையைத் திறந்து மற்றக் கடிதங்களை எடுத்து விலாசம் பார்த்தேன். உடுமலை, சூலூர், அன்னூர், அவிநாசி. இன்னும் பத்து வீடு இருக்கிறது.